பெல்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது பக்கிள்

தொப்புளுக்கு இரண்டு விரற்கடை கீழே, நாணயம் அளவில் கருத்த தடிப்பு ஒன்று. இரவு பெல்ட்டைக் கழற்றியதும் அரிக்கும், காலையில் கொஞ்சம் அடங்கும். வெயில் காலத்தில் நீர் கோத்துக் கசியும். படர்தாமரை என்று நினைத்து மருந்துக் கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கித் தடவுகிறவர்கள் அதிகம். அப்படிக் கிடைக்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதால் நாலு நாள் தணியும். விட்டதும் திரும்பி வரும். பேன்ட்டின் உலோகப் பொத்தானும் பெல்ட்டின் பக்கிளும் வயிற்றைத் தொடுகிற இடம் அது. அங்கே தடிப்பைப் பார்க்கிற தோல் மருத்துவருக்கு முதலில் வருகிற சந்தேகம் நிக்கல் மேல்தான்.

ஒரு பெல்ட்டில் என்னென்ன இருக்கக்கூடும் என்று எழுதப் போனால் பட்டியல் நீளும்: நிக்கல், குரோமியம், ஈயம், தாலேட், அசோ சாயம், ஃபார்மால்டிஹைடு, பென்டாகுளோரோஃபீனால், ஒட்டும் பசையின் பிசின். ஒன்றும் கற்பனை அல்ல. ஆனால் இந்தப் பட்டியலைப் படித்து மிரண்டு, தோல் பெல்ட்டை ஒதுக்கிவிட்டு, பருத்தி பெல்ட் வாங்கி, அதே மலிவான முலாம் பக்கிளை வயிற்றில் அழுத்திக்கொண்டு நடந்தால் பயன் என்ன? ஒரு வேதிப்பொருள் தோல் வழியாக நம்மைத் தொல்லைப்படுத்த மூன்று சேர வேண்டும். அது உடம்பைத் தொட வேண்டும், ஈரம் இருக்க வேண்டும், நேரம் வேண்டும். பேன்ட் லூப்புக்குள் ஓடும் வார் பெரும்பாலும் துணியின் மேல்தான் கிடக்கிறது. பக்கிளின் பின்பக்கமோ நாம் உட்காரும்போதும் குனியும்போதும் வியர்த்த வயிற்றில் போய் அழுந்துகிறது. எனவே பெல்ட் வாங்கும்போது தோலின் மினுமினுப்பைப் பார்ப்பதற்கு முன் பக்கிளைத் திருப்பிப் பாருங்கள்.

முலாமுக்கு அடியில்

கடைகளில் தொங்கும் பக்கிள்களில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து எடுத்தவை. தொழிலில் இதை ஸமாக் என்பார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு நாலு பங்கு அலுமினியம், மற்றதெல்லாம் துத்தநாகம்தான். எளிதில் உருகும், நுணுக்கமான வடிவம் பிடிக்கும், விலை குறைவு. ஆனால் அப்படியே விட்டால் சாம்பல் பூத்துவிடும் என்பதால் முலாம் பூசுகிறார்கள். முதலில் செம்பு, அதன்மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணுக்குத் தெரிகிற குரோம் அல்லது தங்க நிறப் பூச்சு. பளபளப்பைத் தருவதும் மேல்பூச்சைப் பிடித்து நிறுத்துவதும் அந்த நடு அடுக்கான நிக்கல்தான். மேல்பூச்சு பல சமயம் ஒரு மைக்ரானில் பாதிகூட இராது. நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு என்றால் அது எத்தனை மெல்லியது என்று புரியும்.

இந்த மேல்பூச்சு முதலில் தேய்வது மூன்று இடங்களில்: துளைக்குள் நுழையும் ஊசி, அந்த ஊசி வந்து படியும் விளிம்பு, வயிற்றைத் தொடும் பின்பக்க மூலை. அங்கே மஞ்சள் கலந்த வெள்ளை நிறம் எட்டிப் பார்த்தால் நிக்கல் வெளியே வந்துவிட்டது. 'கன்மெட்டல்' என்று விற்கப்படும் கருத்த நிறப் பக்கிள்களில் இன்னொரு சிக்கல். அந்தக் கருப்பே பல சமயம் நிக்கல் பூச்சுதான், அதாவது மேலடுக்கிலேயே நிக்கல் இருக்கிறது. பார்க்க அடக்கமாக இருக்கிறதே என்று ஒவ்வாமைக்காரர்கள் அதைத் தேர்ந்தெடுப்பது எனக்கு வருத்தமான விஷயம்.

வியர்வையின் உப்பு நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த அயனிகள் தோலுக்குள் புகுந்து புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பகையாகக் குறித்து வைத்துக்கொள்கின்றன. இப்படிக் குறித்து வைப்பதற்கு வருஷக்கணக்கும் ஆகலாம். "இத்தனை நாள் போட்டேனே, ஒன்றும் செய்யவில்லையே" என்பதற்கு இதுதான் பதில். ஒருமுறை பதிந்துவிட்டால் அநேகமாக ஆயுசுக்கும் போகாது. பிறகு சாவிக்கொத்து, கடிகாரம், கண்ணாடிச் சட்டம், ஜிமிக்கி என்று எல்லாவற்றிலும் அந்தத் தொல்லை தொடரும்.

டென்மார்க் 1990-இல் இதற்குச் சட்டம் போட்டது. அதைப் பின்பற்றி 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வரம்பு வகுத்தது: தோலை நெடுநேரம் தொடும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்தில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. 'நெடுநேரம்' என்பதற்கும் கணக்கு உண்டு. இரண்டு வாரத்தில் ஒருமுறை 30 நிமிடம், அல்லது மூன்று முறை பத்துப் பத்து நிமிடம் பட்டாலே போதும். பெல்ட் பக்கிள் முதல் நாளே அந்தக் கணக்கில் வந்துவிடும். பரிசோதனைக்கூடத்தில் செயற்கை வியர்வை தயாரிக்கிறார்கள்: நூற்றுக்கு 0.5 பங்கு உப்பு, 0.1 பங்கு யூரியா, 0.1 பங்கு லாக்டிக் அமிலம். அதில் பக்கிளை 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரம் ஊற வைத்து, கரைந்து வந்த நிக்கலை அளக்கிறார்கள். முலாம் பூசியதாக இருந்தால் அதற்கு முன்பே இரண்டு வருஷத் தேய்மானத்துக்கு ஈடாக அதை உருட்டித் தேய்த்துவிடுகிறார்கள். இந்தத் தேய்க்கும் கட்டத்தில்தான் மெல்லிய மேல்பூச்சின் குட்டு வெளிப்படும்.

இந்த வரம்பை நிதானமாகப் படியுங்கள். அது அளப்பது வெளியேறும் நிக்கலை. உள்ளே இருக்கும் நிக்கலை அல்ல. 304 ரக எவர்சில்வரில் நூற்றுக்கு எட்டுப் பங்கும் அதற்கு மேலும் நிக்கல் இருக்கிறது. ஆனாலும் அது குரோமியம் ஆக்சைடு படலத்துக்குள் பூட்டிக் கிடப்பதால் வியர்வையில் மிகக் குறைவாகவே கசியும். அதைவிடக் குறைந்த அளவு நிக்கலை மேலே பூசிய துத்தநாகப் பக்கிளோ கொட்டித் தீர்க்கும். ஆகவே 'நிக்கல் உண்டா' என்று கடைக்காரரிடம் கேட்பதைவிட 'இது முழு உலோகமா, முலாமா' என்று கேட்பது நல்ல பதிலைப் பெற்றுத் தரும்.

காந்தத்தை வைத்துப் பார்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். காந்தம் பாதி உண்மை மட்டுமே சொல்லும். துத்தநாகக் கலவையும் பித்தளையும் ஒட்டாது. 304 எவர்சில்வரும் ஒட்டாது. நிக்கல் கலக்காத 430 ரக எவர்சில்வர் ஒட்டும். நிக்கல் முலாம் பூசிய இரும்பும் ஒட்டும். நல்லதும் கெட்டதும் இரண்டு பக்கமும் நிற்கின்றன. ஆகவே காந்தத்தோடு கண்ணையும் சேர்த்துப் பாருங்கள். வார்த்த பக்கிளில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு விளிம்பில் மெலிதாகத் தெரியும், உள்மூலைகள் மழுங்கலாக இருக்கும். எவர்சில்வர் கம்பியை வளைத்தோ தகட்டை வெட்டியோ செய்ததில் அந்தக் கோடு இராது.

ஒவ்வாமை ஏற்கெனவே இருப்பவருக்கு என் தேர்வு இந்த வரிசையில்: டைட்டானியம் கிடைத்தால் அது, இல்லையேல் 430 அல்லது 316 எவர்சில்வர், அதுவும் இல்லையேல் முலாம் இல்லாத முழுப் பித்தளை. பித்தளை செம்பும் துத்தநாகமும்தான், நிக்கல் தொல்லை இராது. ஆனால் வியர்வை பட்டுப் பச்சை பூத்துச் சட்டையில் கறை பிடிக்கும். கடைசல் வேலைக்கான பித்தளையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு ஈயமும் கலப்பார்கள் என்பதால், எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்குப் பித்தளைப் பக்கிள் வேண்டாம்.

இரண்டு சொட்டுப் பரிசோதனை

வேதியியல் ஆய்வகத்தில் நின்றவர்களுக்கு டைமெத்தில்கிளையாக்சைம் பழக்கமான பெயர். நிக்கல் உப்போடு சேர்ந்தால் ரோஜாச் சிவப்பு தரும். அதையே பக்கிளிலும் செய்யலாம். இரண்டு சிறு புட்டிகள் வேண்டும்: ஒன்றில் ஆல்கஹாலில் கரைத்த ஒரு சதவீத டைமெத்தில்கிளையாக்சைம், மற்றதில் பத்து சதவீத அம்மோனியா நீர். நிக்கல் பரிசோதனைப் பெட்டி என்று சேர்த்தும் விற்கிறார்கள்.

பக்கிளைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்துக் காய வையுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் இரண்டு புட்டியிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். அதைப் பக்கிளின் பின்பக்கத்திலும் ஊசியிலும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை அழுத்தித் தேயுங்கள். பஞ்சு இளஞ்சிவப்பாக மாறினால் நிக்கல் கசிகிறது. அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். ரசாயனம் கெட்டுப்போகவில்லை என்று உறுதி செய்ய, பழைய பதினொரு முனை இரண்டு ரூபாய் நாணயத்தில் முதலில் தேய்த்துப் பாருங்கள். அது செம்பு 75, நிக்கல் 25 கலந்தது. அதில் சிவக்காவிட்டால் கரைசலை மாற்ற வேண்டும்.

தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டு விதத்தில். துருப்பிடித்த இரும்பில் தேய்த்தால் பஞ்சு செம்பழுப்பாகும். அது நிக்கலின் ரோஜா நிறம் அல்ல. இன்னொன்று, புதுப் பக்கிளில் சிவக்காததைப் பார்த்து நிம்மதி அடைவது. மேல்பூச்சு இன்னும் தேயவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். மிக மெல்லிய உப்புத்தாளால் மறைவான ஒரு மூலையை நாலைந்து இழுப்பு தேய்த்துவிட்டு, உப்பு நீர்ச் சொட்டு ஒன்றை வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். சிவந்தால் அநேகமாக நிக்கல்தான் என்று நம்பலாம். சிவக்காவிட்டால் நிக்கல் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. கசிவு குறைவாக இருந்தால் இந்தப் பரிசோதனை தவறவிடும்.

சிவந்துவிட்டது, பெல்ட்டோ நல்ல தோல், எறிய மனமில்லை. பக்கிளை மட்டும் மாற்றலாம். பல பெல்ட்களில் பக்கிள் இருக்கும் முனை மடித்து இரண்டு பிரஸ் பட்டனாலோ ஸ்குருவாலோ பூட்டியிருக்கும். கழற்ற ஒரு நிமிடம் ஆகும். தைத்திருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் பிரித்து மாற்றித் தருவார். புதுப் பக்கிளின் உள் அகலம் வாரின் அகலத்தோடு பொருந்த வேண்டும். அலுவலக பேன்ட்டுக்கு 30 அல்லது 35 மில்லிமீட்டர், ஜீன்ஸுக்கு 38 அல்லது 40 வழக்கம். அளக்காமல் வாங்கினால் வார் மடங்கிச் சீக்கிரம் வெடிக்கும். நிறமற்ற நகப்பூச்சைப் பக்கிளின் பின்னால் தடவும் உத்தி உண்டு. இரண்டு கோட், இடையில் முழுதாகக் காய வேண்டும். ஆனாலும் ஒன்றிரண்டு வாரத்தில் உரிந்துவிடும். அவசரத்துக்கு மட்டுமே அது. பனியனைப் பேன்ட்டுக்குள் விட்டுப் போடுவது அதைவிட உறுதியான தடுப்பு. ஜீன்ஸ் பொத்தானையும் மறந்துவிடாதீர்கள். பெல்ட்டை மாற்றிய பிறகும் தடிப்பு ஆறாதவர்களில் பலருக்குக் காரணம் அதுதான். பொத்தானின் உள்பக்கத்தில் ஒரு துண்டுப் பருத்தித் துணியை வைத்துத் தைத்துவிடலாம்.

இடுப்பில் கட்டுவது என்றால் ஒட்டியாணமும்தான். கல்யாணத்துக்கும் நாட்டிய அரங்கேற்றத்துக்கும் வாங்கும் ஒட்டியாணங்கள் பெரும்பாலும் முலாம் வேலையே. சேலைக்கும் நாட்டிய உடைக்கும் மேல் இருக்கும்வரை பிரச்சினை குறைவு. வெற்றிடுப்பில் கொக்கி படும் இடத்தில் உள்பக்கம் துணி வைத்துத் தைத்து வாங்குவது நல்லது. 'ஜெர்மன் சில்வர்' என்ற பெயர் பலரை ஏமாற்றுகிறது. அதில் வெள்ளி கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் கலந்தது. நிக்கல் மட்டுமே பொதுவாகப் பத்திலிருந்து இருபது பங்கு. மேலடுக்கு தேய்ந்து நிக்கல் வெளிவரக் காத்திருக்க வேண்டியதில்லை, முழு உலோகமே அதுதான். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர் ஜெர்மன் சில்வர் கம்மலையும் ஒட்டியாணத்தையும் தொடவே கூடாது. சுத்த வெள்ளி அரைஞாண் அவர்களைத் தொந்தரவு செய்யாது.

தோல் எப்படிப் பதனிட்டது

இனி வார். உலகில் பதனிடப்படும் தோலில் மிகப் பெரும்பங்கு குரோம் பதனிடல்தான். பேசிக் குரோமியம் சல்ஃபேட் என்ற பச்சை உப்பை, சுண்ணாம்பிட்டு மயிர் நீக்கிய தோலின் எடைக்கு எட்டு சதவீதம் அளவில் உருளையில் போட்டுச் சுழற்றினால் ஒரே நாளில் தோல் பதமாகிவிடும். அந்த நிலையில் வெளிர்நீலமாக இருப்பதால் வெட் புளூ என்று பெயர். அதில் இருப்பது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம், குரோம்-3. அது பெரிதாகக் கெடுதல் செய்வதல்ல. ஆறு இணைதிறன் கொண்ட குரோம்-6 அப்படி அல்ல. அது ஒவ்வாமையைத் தூண்டும். மூச்சு வழியாகத் தொடர்ந்து உள்ளே போனால் புற்றுநோய் உண்டாக்கும்.

யாரும் வேண்டுமென்று பெல்ட்டில் குரோம்-6 போடுவதில்லை. அது தோலுக்குள்ளேயே உருவாகிறது. பதனிட்ட பிறகு தோலை மிருதுவாக்க எண்ணெய் ஏற்றுவார்கள். அது மீன் எண்ணெய் போல எளிதில் காற்றோடு வினைபுரியும் எண்ணெயாக இருந்தால், வெப்பமும் புற ஊதா ஒளியும் வறண்ட காற்றும் சேர்ந்து குரோம்-3-இல் ஒரு பங்கைக் குரோம்-6 ஆக்கிவிடும். அமிலத்தைச் சமன்செய்ய அம்மோனியாவைத் தாராளமாக விட்டாலும் இதே கதை. தடுக்கும் வழியும் தொழிலுக்குத் தெரிந்ததுதான்: கடைசியில் தாவரப் பட்டைச் சாறு ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் கொடுப்பது, அம்மோனியாவைத் தவிர்ப்பது, முடிக்கும்போது தோலைச் சற்று அமிலத்தன்மையிலேயே நிறுத்துவது. செய்கிறார்களா இல்லையா என்பதில்தான் நல்ல தொழிற்சாலைக்கும் மற்றதற்கும் வித்தியாசம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே 1 முதல், தோலைத் தொடும் லெதர் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குமேல் குரோம்-6 இருந்தால் விற்க முடியாது. ஏற்றுமதித் தோலுக்கு இந்தப் பரிசோதனைச் சீட்டு கட்டாயம் கேட்கப்படும். உள்ளூரில் வாங்கும்போது கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை, கேட்க ஆரம்பிக்கலாம். நம் கையில் இருப்பது பாதுகாக்கும் முறைதான்: கார் கண்ணாடிக்கு அடியில், வெயில் படும் ஜன்னலோரத்தில், அயர்ன் பாக்ஸ் சூட்டில் தோல் பெல்ட்டை வைக்காதீர்கள். நனைந்தால் நிழலில் காய வையுங்கள்.

உடம்பைவிட ஊருக்கு நேர்ந்த பாதிப்பு கனமானது. ராணிப்பேட்டை சிப்காட்டில் குரோமேட் ரசாயனம் தயாரித்த ஒரு தொழிற்சாலை மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மழையில் மஞ்சள் நீர் வழிந்து நிலத்தடிக்கு இறங்கியது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்பதையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. நம் இடுப்பில் கட்டும் வாருக்கு அந்த ஆற்றோடு தொடர்பு உண்டு.

மாற்று நமக்குப் புதிதல்ல. திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் ஈரோட்டிலும் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கப்பலேறியது. ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறி, கடுக்காயில் முடித்து, எண்ணெய் தடவி உலர்த்திய இளமஞ்சள் தோல் அது. பட்டை கிடைப்பது அருகியபோது வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு அந்த இடத்துக்கு வந்தது. இன்றும் பட்டையில் பதனிட்ட கெட்டித் தோல்தான் பெல்ட்டுக்கு ஏற்றது என்பது என் கருத்து. நீளாது, ஓரம் வெட்டினால் இழை பிரியாது, நாளாக நாளாக நிறம் தேறும். குரோம்-6 கவலையும் இல்லை. குறையும் உண்டு: நனைந்தால் கறை பிடிக்கும், நம் மழைக்காலத்தில் பூஞ்சை ஏறும். அதற்காகப் பூஞ்சைக்கொல்லி போடுவார்கள். முன்பு போட்ட பென்டாகுளோரோஃபீனாலை ஜெர்மனி 1989-இல் தடை செய்தபோது தமிழகத் தோல் ஏற்றுமதியே ஆட்டம் கண்டது. ஆகவே பட்டைத் தோல் என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிவிடவும் கூடாது.

எது எந்தத் தோல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெல்ட்டின் ஓரத்தில் வண்ணம் அடைத்துவிடுவதால் உள்ளே தெரியாது. கடையில் இடுப்பு அளவுக்கு ஒரு துளை கூடுதலாகப் போடச் சொல்லுங்கள், அப்போது விழும் சின்ன வட்டத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் துண்டு ஒரு பரிசோதனைக்கூடத்துக்குச் சமம். பிளேடால் குறுக்கே வெட்டினால் பட்டைத் தோல் உள்ளே வரை பழுப்பு. குரோம் தோல் நடுவில் நீலம் கலந்த சாம்பல். சாயம் முழுக்க ஊடுருவிய கருப்புத் தோலில் இது தெரியாமல் போகலாம். அப்போது துண்டைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போடுங்கள். பட்டைத் தோல் சுருங்கிச் சுருண்டு கெட்டியாகும்; குரோம் தோல் அப்படியே நிற்கும்; தோல்தூளைப் பசையில் பிசைந்து தகடாக்கிய 'பாண்டட் லெதர்' நாராகக் கரைந்து பிரியும். துருப்பிடித்த இரும்பு ஆணியை வினிகரில் இரண்டு நாள் ஊற வைத்து, அந்த நீரில் ஒரு சொட்டைப் பூச்சில்லாத உள்பக்கத்தில் வைத்தால் பட்டைத் தோல் நிமிடத்தில் கருக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துப் பழைய காலத்தில் மை காய்ச்சியதும் இதே வினைதான். மேலே லேசாகப் பட்டைச் சாறு கொடுத்த குரோம் தோலும் கொஞ்சம் கருக்கும் என்பதால், வெட்டிய நடுப்பகுதியில் சொட்டு வையுங்கள்.

'குரோம் ஃப்ரீ' என்று அச்சிட்டிருந்தால் பட்டைத் தோல் என்று அர்த்தமல்ல. குளுட்டரால்டிஹைடில் பதனிட்டதும் குரோம் ஃப்ரீதான். 'லெதர் ஒர்க்கிங் குரூப்' என்ற முத்திரை தொழிற்சாலையின் நீர், கழிவு, மின்சார நிர்வாகத்தை மதிப்பிடுவது. உங்கள் கையிலிருக்கும் பெல்ட்டைச் சோதித்தது என்று அது சொல்லவில்லை. பொருளையே சோதித்துத் தருவது ஓகோ-டெக்ஸ் லெதர் ஸ்டாண்டர்ட் போன்ற சான்று. அதில் எண் இருக்கும், இணையத்தில் சரிபார்க்கலாம்.

ரெக்சினும் குழந்தைகளும்

பள்ளிச் சீருடைக்கு வாங்கும் பெல்ட்டில் பாதிக்குமேல் ரெக்சின்தான். அது பி.வி.சி. அல்லது பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன். இரண்டும் ஒன்றல்ல. பி.வி.சி. இயல்பில் கட்டை போல் விறைப்பானது. வளைய வேண்டும் என்பதற்காக எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை மிருதுவாக்கி எண்ணெய் சேர்க்கிறார்கள். மலிவானதில் அது தாலேட். கட்டுண்டு கிடக்காமல் மெல்ல வெளியே கசிந்து வரும். வெயிலில் பிசுபிசுக்கும் பெல்ட்டும், பிளாஸ்டிக் டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும் பெல்ட்டும் அதற்கு அடையாளம். ஹார்மோன் ஒழுங்கைக் கெடுப்பவை என்பதால் நான்கு தாலேட்டுகளுக்கு ஐரோப்பாவில் 2020 ஜூலையிலிருந்து மொத்தம் 0.1 சதவீதம்தான் வரம்பு. பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் உள்ள மலிவு ரெக்சினை நான் குழந்தை அருகில் விடமாட்டேன். அந்த நிறங்களுக்கு ஈயக் குரோமேட் நிறமி நெடுங்காலம் பயன்பட்டது. ஒரே பொருளில் ஈயமும் குரோம்-6-ம். குழந்தை பெல்ட்டின் நுனியைக் கடிக்கும், பக்கிளை நக்கும். பெரியவர்களுக்குத் தோலைத் தொடுவதுதான் வழி. குழந்தைகளுக்கு வாய்தான் வழி.

பி.வி.சி.யா என்று அறிய பழைய ஆய்வக உத்தி ஒன்று. செப்புக் கம்பியை இடுக்கியால் பிடித்து, சுடரில் பச்சை நிறம் முற்றிலும் மறையும் வரை காய்ச்சி, சூட்டோடு பெல்ட்டின் மேல்பூச்சில் லேசாகத் தொட்டு, மறுபடியும் சுடரில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையானால் குளோரின் இருக்கிறது, பி.வி.சி.தான். வெளியில் காற்றோட்டத்தில் ஒரே ஒரு தடவை செய்யுங்கள், புகையை முகராதீர்கள். ஒரு எச்சரிக்கை: இரண்டு அடுக்கை ஒட்டும் நியோப்ரீன் பசையிலும் குளோரின் உண்டு. ஓரத்தில் பசையைத் தொட்டுவிட்டு நல்ல தோலைப் பி.வி.சி. என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பி.யூ.வில் தாலேட் தேவையில்லை. ஆனால் நம் ஈரக் காற்றில் சில வருஷத்தில் செதில் செதிலாக உரியும். குழந்தைக்கு என் தேர்வு: பருத்தி நாடா அல்லது பின்னல் நாடாவில் பிளாஸ்டிக் கிளிப் போட்ட பெல்ட், அல்லது இடுப்பிலேயே எலாஸ்டிக் வைத்த கால்சட்டை. பெல்ட்டே வேண்டாம்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. நியோப்ரீன் பசையில் பிடிப்புக்காகச் சேர்க்கும் பாரா டெர்ஷரி பியூட்டைல் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின், பெல்ட், கடிகார வார், செருப்பு மூன்றிலும் ஒவ்வாமை தருவது தோல் மருத்துவர்களுக்குத் தெரிந்ததே. பக்கிள் படாத இடத்தில் பெல்ட் வாரின் வடிவத்திலேயே நீளமாகத் தடித்தால் இதையும் குரோமியத்தையும் சந்தேகியுங்கள். ஒட்டாமல் ஒரே கனமான தோலில் வெட்டிய ஒற்றை வார் பெல்ட்டில் அடுக்குகளை ஒட்டும் பசைக்கு இடமில்லை. வேட்டிக்குமேல் வெறும் உடம்பில் பெல்ட் கட்டுகிறவர்களுக்கு இது முக்கியம். அவர்களுக்கு வார் முழுவதுமே உடம்பைத் தொடுகிறது.

சாயத்துக்கு எளிய சோதனை: அரை லிட்டர் நீரில் இரண்டரை கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி அளவு உப்பைக் கரைத்து, வெள்ளைத் துணியை நனைத்துப் பெல்ட்டின் உள்பக்கத்தைப் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தச் சாயம் உங்கள் தோலிலும் ஏறும். அது தடை செய்யப்பட்ட சாயமா என்று இதனால் சொல்ல முடியாது. புற்றுநோய் உண்டாக்கும் அமைன்களாகச் சிதையக்கூடிய அசோ சாயங்களை இந்தியா 1997-இலேயே தடை செய்தது, ஐரோப்பாவில் அந்த அமைன்களுக்குக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வரம்பு. எப்படியானாலும் நிறம் விடும் பெல்ட்டை வேண்டாம் என்று வைத்துவிடலாம்.

வாங்கி வந்த பெல்ட்டை உடனே அலமாரிக்குள் சுருட்டி வைக்காமல், நாலைந்து நாள் நிழலில் காற்றாடத் தொங்க விடுங்கள். பசையின் கரைப்பான் நெடி பெரும்பாலும் போய்விடும். ஒரு வாரத்துக்குப் பிறகும் நெடி மூக்கைத் துளைத்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெட்டிக்குள் பெயரோ ஊரோ அச்சிடாத வெள்ளைப் பொட்டலம் இருந்தால் கிழிக்காமல் அப்புறப்படுத்துங்கள். பூஞ்சைக்காக டைமெத்தில் ஃபியூமரேட் தூளைப் பொட்டலத்தில் வைத்த சோபாக்களும் செருப்புகளும் பலருக்குத் தீக்காயம் போன்ற கொப்புளங்களைத் தந்த பிறகு 2009-இல் ஐரோப்பா அதைத் தடை செய்தது. நீல மணி சிலிக்கா ஜெல்லின் நீலம் கோபால்ட் குளோரைடு; ஆரஞ்சு மணி தேவலாம். அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள். நாப்தலின் தோலில் ஏறி நெடுநாள் நிற்கும், ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள கைக்குழந்தைக்கு அந்த நெடி பட்ட துணியே ரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடும். மழைக்காலப் பூஞ்சைக்கு, துடைத்து நிழலில் காய வைத்துத் தொங்கவிடுவதே போதும்.

கடைசியில் பழைய பெல்ட். போகியன்று எரிக்கிற குவியலில் அதைப் போடவே கூடாது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சினும் வரும். குரோம் தோல் எரிந்தால், இத்தனை வருஷம் இடுப்பில் குரோம்-3 ஆகச் சும்மா கிடந்தது சாம்பலில் குரோம்-6 ஆக மாறும், அந்தச் சாம்பல் வாசலில் கோலம் போடும் இடத்திலேயே விழும். பக்கிளைக் கழற்றி இரும்புக் கடைக்குப் போடுங்கள். வாரைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் அவர் வெட்டிப் பயன்படுத்திக்கொள்வார்.